மணலெழுத்து

எழுத்தறிவின் தொடக்கம் இறைவன் திருநாமமாதல் வேண்டுமென்பது தென்னாட்டார் தொன்றுதொட்டுக் கொண்ட துணிபு. தெலுங்கு நாட்டுச் சிறார் முதற்கண் எழுதிப் பழகியது "ஓம் நமச்சிவாய சித்தம் நம" என்பதாம்; அதுபற்றியே அந்நாட்டார் தம் நெடுங்கணக்கினை "ஓனமாலு" என வழங்குவர். திருவைந்தெழுத்து ஒரு மொழியின் எழுத்துக்கள் அனைத்திற்கும் பெயராய் அமைந்தமை சைவர்க்குப் பெருமகிழ்ச்சி தருவதன்றோ! தமிழ்நாட்டிலோ "அரி நமோத்து சிந்தம்" எனத் தொடங்கினமையின் "அரிச்சுவடி" என்னும் பெயர் எழுந்தது. ஈண்டுச் "சிந்தம்" எனத் திரிந்து நிற்பதும் "சித்தம்" என்னும் அச்சொல்லே. அது மிகப் பழையது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் வதிந்த சீன யாத்திரிகர் இத்சிங், ஆறு வயதுச் சிறார் ஆறு திங்களிற் கற்று முடிக்கும் முதற்சுவடியை இச்சொல்லொடு சார்த்தியே கூறிப்போந்தார்.

இத்திருநாமம் முதலில் எழுதப்பட்ட இடம் ஏடும் அன்று, காகிதமும் அன்று, அரிசியும் மணலுமே. பல்லாரிக் கலெக்டராயிருந்த காம்பெல் துரை 1823-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார்க்கு எழுதிய அறிக்கையில் இதனைத் தெளிய உரைத்துள்ளார். பிள்ளைக்கு ஐந்து வயது ஆனதும் ஆசிரியரும் மாணாக்கரும் வீட்டிற்கு அழைக்கப்படுவர். விநாயகர் திருவுருவைச் சூழ அனைவரும் அமர, பிள்ளை அத்திருவுருவிற்கு நேரே இருத்தப்படும். தூபமிட்டு வழிபட்டபின் ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பற்றி அரிசியில் இறைவன் திருநாமத்தை எழுதுவிப்பார். மறுநாள் முதல் பள்ளி. அங்கு முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையிற் கலைமகள் பெயர் எழுதப்படும். இரண்டாவது வந்தவனுக்குச் சுழி ஒன்று. மூன்றாமவன் முதல் பிரம்படி ஒவ்வொன்றாய் ஏறும். பிந்தி வருவார்க்குப் பாடமும் சுடச்சுடவே தொடங்கிற்றுப் போலும்!

பிள்ளைகள் தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுதினர். வாய் எழுத்தின் ஒலியைச் சொல்ல, விரல் அதன் வடிவை வரைந்தது. பிழைபட்டதாயின் உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தால் அப்பிழை இல்லையாயிற்று. கை நன்கு படிந்த பின்னரே எழுத்தாணி பிடித்தல். ஏட்டிற் கீறிய கீற்று மணற்கீற்றுப்போல் அழியாதாகலின், தவறுதற்கு உரிய காலத்தை மணலிலேயே கழிக்கவைத்த முன்னோர் குழந்தை இயல்பை நன்குணர்ந்தவராவர்.

காம்பெல் துரைக்குச் சரியாக இருநூறு ஆண்டு முன்னர், 1623-இல், இத்தாலிய யாத்திரிகராகிய பியெத்ரோ தெல்லா வல்லே வீரசைவ மன்னராகிய கெளதி நாயக்கரின் இக்கேரிக்குச் செல்லும் வழியில், கோயில் முன்றிலொன்றில் நான்கு சிறுவரைக் கண்டார். அவர்கள் கணக்கினை இசைபாடிக்கொண்டே நுண்மணலில் விரலால் எழுதினர். எழுத்து நிரம்பியதும் துடைத்து மீட்டும் மணல் தூவினர். ஆசிரியர் அருகில்லை. ஐயம் வந்தால் யார் தீர்ப்பாரென வினவியதற்கு, நால்வர்க்கும் ஒருங்கே ஐயம் வருதல் இயலாதென்று அவர்கள் விடையிறுத்தனர். பிள்ளைக்குப் பிள்ளையே ஆசானாகும் முறை அக்காலத்தே வேரூன்றியிருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இதனை ஈண்டு வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. 1789 முதல் சென்னை எழும்பூரிற் படைவீரர் மக்கட்கான அநாதைப்பள்ளியை நடாத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், ஒருநாள் மலபார்ப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதுதலைக் கண்டார். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரையும் மலபாரர் என்றே வழங்கினர். தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்குமாறு அவர் பணிக்க, துணையாசிரியர் உடன்பட்டிலர். பெல், ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணாக்கனிடம் அவ்வகுப்பை ஒப்பித்தார். அவன் செவ்வனே கற்பித்தான். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல்வழி இம்முறை இங்கிலாந்து எங்கும் பரவி, ஏழைச்சிறார் பல்லாயிரவர்க்கு எழுத்தறிவித்தது. 1832-இல் இறந்த பெல்லின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பெருங்கோயிலில் அடக்கப்பட்டது. மணலை இந்நாட்டுப் பள்ளியிற் பெற்றதாக அவர் ஒப்பினார். சட்டாம்பிள்ளை முறையையோ தாமே கண்டதாகக் கொண்டார். அது பொருந்தாது. கம்பெனி இயக்குநரே 1814-ஆம் ஆண்டுக் கடிதத்தில், இந்திய ஆசிரியர் நெடுங்காலமாகக் கையாண்ட முறையே பெல்லால் இங்கிலாந்திற் கொள்ளப்பட்டதென எழுதினர். இக்கேரி வழிச் சிறுவர் நால்வரும் அதற்குச் சான்றாவர்.

அயல்நாடு இம்முறையாற் பயன்கொண்ட அந்நாளில் இந்நாட்டின் நிலை யாது? மன்றோ துரையின் ஆணைப்படி திரட்டி 1826-இல் வெளிவந்த கணக்கில், சென்னை மாகாணத்துப் பள்ளிகள் 12,498, கற்போர் 1,88,650. மக்கள் தொகையோ 1,28,50,941. நெசவு முதலிய தொழில்கள் நலிந்து குடிகள் வறுமையுற்றமையால், முன்னர்ப் பள்ளியிருந்த ஊர் பலவற்றில் இப்போது பள்ளியில்லையென்று காம்பெல் ஒளியாது எழுதினார்.

அவர் ஒரு குறையும் கூறினார். எழுதக் கற்பிக்கும் சிக்கனமும் பிள்ளையைக்கொண்டு பிள்ளைக்குக் கற்பித்தலும் பாராட்டற்பாலன. ஆயின் சிறார் மனப்பாடஞ் செய்யும் செய்யுட்களின் பொருளைக் கிளியளவும் அறிகிலர் என்பதே அது. இக்குறை தமிழ்நாட்டிற்கும் பொருந்தும், மறுத்தற்கில்லை. எனினும் மனப்பாடம் வீண் அன்று. ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஏகார வேற்றுமையும் புலப்படாது. "எரி", "ஏரி" இரண்டும் ஒருவடிவினவே. திருவைந்தெழுத்தையே "நமசசிவாய" என்று ஏட்டிற் காண்பான், அதனை முன்னரே செவியாற் கேளாதவனாயின், எங்ஙனம் படிப்பான்? ஓதியவனுக்கே ஏடு பேசிற்று.

அச்சு வந்து புள்ளியும் நிலைத்தபின் அக்காரணம் நீங்கிற்று. பொருளறியா ஓதல் மட்டும் எஞ்சிற்று. அதனைக் கண்டு பரிகாரந் தேடியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அப்பெருந்தகையார், 1850-இல் முதற் பாலபாடத்தையும் மறுவாண்டு இரண்டாம் பாலபாடத்தையும் அச்சிட்டனர். எழுத்திலிருந்து சொல்லும், சொல்லிலிருந்து சிறு வாக்கியமுமாகப் பிள்ளை படிப்படியே ஏறும்படி அவை அமைந்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவற்றிற்கு அவர் எளிய உரையும் வகுத்தமையால், பொருள் விளங்காது ஓதிய நீதிநூல்கள் பிள்ளைக்கு விளங்குவனவாயின. பாதிரிமார் பள்ளிகளின் ஒழுங்கினை அருகிருந்து கண்டறிந்த அவர், அவ்வொழுங்கினைக் கொண்டு சைவப் பிள்ளைகட்குச் சைவக் கல்வியே அளித்தனர்.

பின்னர்ச் சிலேட்டுப் பலகை வந்தது. திண்ணைப்பள்ளிகளொடு மணலும் மறைந்தது. விசயதசமியன்று தட்டிற் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரல்பற்றி எழுதுவிக்கும் வழக்கம் மட்டும் இன்றும் உளது. அன்று மாலையே அவ்வரிசி உலைக்குப் போகின்றது. மறுநாள் பிள்ளையின் கையிற் பென்சில்.