யூல் பீடத்தின் வயது

டிசம்பர் 21ஐ ஒட்டி, ஆண்டின் மிக நீண்ட இரவில், இயற்கையை வழிபடும் விக்கா சமயத்தினர் வீட்டுப் பீடத்தை அலங்கரிக்கிறார்கள். சிவந்த கனிகளோடு ஹாலிக் கிளை, ஐவிக் கொடி, புல்லுருவி, பைன் காய்கள், துளையிட்டு மெழுகுவத்தி செருகிய மரக்கட்டை, சூரியனுக்காகப் பொன்னிறத்தில் ஏதாவது ஒன்று. யூல் எனப்படும் இந்தத் திருநாளுக்கான கையேடுகள் பலவும் ஒரே கதையைச் சொல்கின்றன: இவை ஐரோப்பாவின் பழைய சமயங்களுக்குச் சொந்தமானவை, கிறிஸ்தவம் பறித்துக் கிறிஸ்துமஸ் ஆக்கியது, இப்போது மீட்கப்படுகின்றன. சான்றுகளைப் பார்த்தால் பயணம் பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் கிறிஸ்துமஸிலிருந்துதான் இந்தப் பொருள்கள் விக்காவுக்கு வந்தன, அதுவும் இருபதாம் நூற்றாண்டில்.

விக்காவை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர், 1900இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து, 1936இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பியவர். 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் தொன்மையான சூனியக்காரர் குழுவொன்று தமக்குத் தீட்சை தந்ததாகச் சொன்னார். 1735இன் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் 'விட்ச்கிராஃப்ட் டுடே' நூலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதிய மார்கரெட் மர்ரேதான், சூனிய வழக்குகளுக்குப் பின்னே ஒரு பழஞ்சமயம் மறைந்திருந்தது என்று 1921இல் வாதிட்டவர். அந்த வாதத்தை இன்று வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. 1953 யூல் இரவுச் சடங்குக்கு வேண்டிய வரிகளை எழுதித் தரும்படி கார்ட்னர் அன்றைக்கே தம் குழுவைச் சேர்ந்த டோரீன் வாலியன்டேயைக் கேட்டார். வாலியன்டேயின் கைக்கெட்டிய மூலம், அலெக்சாண்டர் கார்மைக்கேல் ஸ்காட்லாந்தின் கேலிக் கிறிஸ்தவர்களிடம் திரட்டிய வேண்டுதல்களின் தொகுப்பு. தொல்மரபு என்று நம்பப்பட்ட ஒன்றுக்கு அவசரமாகச் சொற்கள் தேடவேண்டியிருந்தது என்பதே பெரிய சான்று. அக்காலச் சடங்குக் குறிப்புகளில் ஹாலியும் ஐவியும் புல்லுருவியும் சுற்றப்படுவது பீடத்துக்கு அல்ல, உள்ளே நெருப்பெரியும் கொப்பரைக்கு. பீடத்தில் மெழுகுவத்திகள் எரிந்தால் போதும். இன்றைய நிறைந்த பீடம் அந்தச் சடங்கைவிடவும் இளையது.

ஹாலிக்கும் ஐவிக்கும் இங்கிலாந்தில் தெளிவாகக் கிடைக்கும் பழைய சான்றுகள் தேவாலயக் கணக்கேடுகளில் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு இலைதழை வாங்கிய செலவு அவற்றில் பதிவாகியிருக்கிறது. லண்டனின் வீடுகளும் தேவாலயங்களும் அப்பருவத்தில் பசுமை பூணுவதை வரலாற்றாளர் ஜான் ஸ்டோ 1598இல் எழுதினார். யூல் கட்டை இன்னும் பிந்தியது: கவிஞர் ராபர்ட் ஹெரிக் 1648இல் வெளியிட்ட தொகுப்பில்தான் அது முதலில் தெளிவாகத் தலைகாட்டுகிறது, அங்கும் கிறிஸ்துமஸ் கட்டையாகவே. புல்லுருவிக்குப் பழைய சமயத் தொடர்பு உண்மையிலேயே உண்டு. துருயிடு பூசாரிகள் பொன் அரிவாளால் அதை அறுத்ததாக ரோமானியர் பிளினி சொல்கிறார். ஆனால் அவர் குறிப்பது பிறையின் ஆறாம் நாளை. குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை அல்ல. பழைய ஆங்கிலேயர் டிசம்பர் 25 இரவை 'அன்னையர் இரவு' என்று கொண்டாடியதாக 725இல் எழுதிய துறவி பீட், அவர்கள் எதைக்கொண்டு அலங்கரித்தார்கள் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ரோமிலிருந்து வருகிறது. கிறிஸ்தவர்களும் பிற சமயத்தாரைப் போல விழா நாள்களில் வாசலில் லாரல் இலையும் விளக்கும் தொங்கவிடுவதாக மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கடிந்துகொண்டார். ஆகவே பசுந்தழை கட்டுவது கிறிஸ்தவத்துக்கு முந்தியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது மத்தியதரைக் கடலோர நகரங்களின் விழா வழக்கம். அதற்கும் இங்கிலாந்தின் ஹாலிக்கும் நடுவே இடையறாத ஒரு மறைசமயத்தைக் காட்டும் சான்று இல்லை. இருக்கும் இழை தேவாலயத்தின் வழியாகவே ஓடுகிறது. அயர்லாந்தின் நியூகிரேஞ்சையும் சிலர் காட்டுவார்கள். ஏறத்தாழ கி.மு. 3200இல் எழுந்த அந்தக் கல்லறையின் உள்ளறைக்குள் கதிர்த்திருப்பக் காலத்து விடியற்கதிர் நுழைவதை, அகழாய்வாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1967இல் நேரில் கண்டார். அந்த நாளைத் தொல்குடிகள் கவனித்தார்கள் என்பதற்கு அது மறுக்கமுடியாத சான்று. என்ன வேண்டினார்கள், எதைச் சூட்டினார்கள் என்பதைக் கல் சொல்வதில்லை.

அப்படியானால் எல்லாம் போலி என்று எதிர்முனைக்குத் தாவுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம் இங்கிலாந்தில் பரவலானது விக்டோரியா அரசியின் காலத்தில்தான். அதைப் போலி என்று ஒதுக்குபவர் அரிது. மேலும், விக்கா கடன் வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளவும் இல்லை. 1958இல் கார்ட்னரின் பிரிக்கெட் வுட் குழுவினரின் விருப்பப்படி கதிர்த்திருப்பங்களும் சமஇரவு நாள்களும் பெருவிழாக்களின் நிலைக்கு உயர்ந்து, எட்டு விழாக்கள் கொண்ட ஆண்டுச்சக்கரம் உருப்பெற்றது. ஓக் மன்னனும் ஹாலி மன்னனும் மோதும் கதை கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸின் 1948ஆம் ஆண்டு நூலிலிருந்து முளைத்து, இன்று பீடத்து ஹாலிக்கே புதுப்பொருள் தந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் விக்கா சமயத்தினர் பலர் ஜூன் மாதத்தில் யூல் கொண்டாடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு நீண்ட இரவு அப்போதுதான் வருகிறது. அதே நாட்டின் கடைவீதிகள் டிசம்பர் வெயிலில் செயற்கைப் பனியும் ஹாலியும் தொங்கவிட்டு நிற்கும்போது, அவர்கள் கோடைக் கதிர்த்திருப்பத்துக்குப் பீடம் அமைத்துக்கொண்டிருப்பார்கள்.