பட்டியலில் இல்லாத மாத்திரை

1997இல் இந்தியா முழுவதும் மருத்துவத்துக்காகச் செலவான மார்ஃபின் வெறும் 18 கிலோ. இத்தனைக்கும் மார்ஃபின் எடுக்கத் தேவையான அபினைச் சட்டப்படி பயிரிட்டு, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியும் செய்கிற நாடு இது. அப்புறம் ஏன் நம் புற்றுநோயாளிகளுக்கு அது கிடைக்கவில்லை?

விடை 1985இல் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த என்டிபிஎஸ் எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு என்றது. மார்ஃபின் வைத்திருக்க மருத்துவமனைகள் பல உரிமங்கள் வாங்க வேண்டும். கணக்கில் பிசகினால் ஜெயில். எதுக்கு வம்பு என்று பலர் வாங்குவதையே விட்டார்கள். 12 ஆண்டுகளில் பயன்பாடு 97 சதவீதம் சரிந்தது.

சரி, போதையாவது ஒழிந்ததா? அதே காலத்தில் சென்னையில் பிரவுன் சுகர் பரவியது. 1990களில் அதைப் பிடித்துக்கொண்டிருந்த பலர் பியூப்ரினார்பின் ஊசிக்கு மாறினார்கள். அது வலி நிவாரணி. மருந்துக்கடைச் சரக்கு, விலையும் குறைவு. ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டதில் எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சியும் சேர்ந்தே பரவின.

அடுத்த சுற்று டிராமடால். 2018 ஏப்ரலில் அதை என்டிபிஎஸ் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் டேபெண்டடால் இல்லை. இரண்டுமே ஜெர்மனியின் குருனென்தால் நிறுவனம் உருவாக்கியவை. மூளையில் கிட்டத்தட்ட ஒரே கதவைத் தட்டுபவை. இன்று தமிழ்நாட்டில் போலீஸ் பிடிக்கும் 'போதை மாத்திரை'களில் அடிக்கடி அடிபடும் பெயர் டேபெண்டடால்தான். பட்டியலுக்கு நேற்றைய எதிரியை மட்டுமே தெரியும்.

மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும்போது, அதைக் கட்டியாக்கச் சேர்த்த டால்க் போன்ற தூள்களும் ரத்தத்தில் கலந்து நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். அளவு மீறினால் மூச்சு மெல்ல அடங்கும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கொஞ்ச நாள் நிறுத்தியிருந்தவர் மறுபடி பழைய அளவையே போட்டுக்கொண்டால் அதுவே கடைசி ஊசியாகலாம். பழகிய உடம்பு அதற்குள் பழக்கத்தை மறந்திருக்கும்.

சங்கரன்கோவில் மாதிரி விசைத்தறி ஊரில் இது எங்கே தொடங்கும்? பெரும்பாலும் குற்றத்தில் அல்ல. நாள் முழுக்கத் தறியருகே நின்றவர், "அண்ணாச்சி, மேலெல்லாம் வலிக்கு, ரெண்டு மாத்திரை தாங்க" என்று கேட்பதில். கிடைப்பது அநேகமாகப் பாரசிட்டமால்தான். அதில் போதை கிடையாது. ஆனால் சீட்டு கேட்காத அந்தப் பழக்கம்தான் அடுத்த மாத்திரைக்கும் வழி விடுகிறது.

இதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் அமலில் உள்ள 'எச்1' விதிப்படி டிராமடால், அல்பிரசோலம், நைட்ரசெபம் முதலியவற்றை விற்கும்போது மருத்துவர், நோயாளி, அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சிறையைவிட இந்த நோட்டுப் புத்தகத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம், ஒழுங்காக எழுதினால்.

அதே 2014இல் என்டிபிஎஸ் சட்டத்தைத் திருத்தி மார்ஃபினுக்கான உரிமச் சிக்கலைக் குறைத்தார்கள். சென்னையில் ஊசியாக ஏறிய அதே பியூப்ரினார்பினை இன்று அரசு மையங்களில் நாக்கின் அடியில் வைத்து, கண்முன்னே கரையவிட்டு, போதை ஊசியிலிருந்து மீட்கிறார்கள். மருந்து மாறவில்லை. கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.