பண்ணைப்புரத்து ஆர்மோனியமும் பீடோங் உருமியும்

இளையராஜாவின் இளமைக்காலத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அவர் பக்கத்தில் நின்றவர்களையே தேடும். அல்லிநகரத்துப் பாரதிராஜா மலேரியா ஒழிப்புப் பணிக்காக இளையராஜாவின் ஊரான பண்ணைப்புரம் வந்தார். இளையராஜாவும் அவர் உடன்பிறந்தவர்களுமான பாவலர் சகோதரர்களோடு ஒட்டிக்கொண்டார். 1960களின் முடிவில் அந்தச் சகோதரர்கள் சென்னைக்குப் போனபோது, பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த நண்பர்தான் அவர்களுக்கு ஒண்டிக்கொள்ள இடம் கொடுத்தார். 1977இல் பாரதிராஜா இயக்கி இளையராஜா இசையமைத்த ‘16 வயதினிலே’ வந்தது.

மலேசியாவின் கெடாவில், பீடோங்கை அடுத்த எங்கள் தோட்டத்திலும் ஒருவன் இருந்தான். என் வயதுக்காரன், அடுத்த வீடு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. அவன் பிஸ்கட் டின்னில் தட்டினால் நாங்கள் சாப்பிடும் இடத்தில் கேட்கும். மாரியம்மன் திருவிழாவுக்கு வரும் உருமிக்காரர், வளைந்த குச்சியால் தோலை உரசி எழுப்பும் முனகலை அவன் தொண்டையிலேயே கொண்டுவருவான். பத்து வயதில் உருமி அவன் தோளுக்கு வந்தது. தப்பு காய்ச்சக் காய்ந்த தென்னை ஓலை பொறுக்கிவருவது என் பொறுப்பு. தீயில் காட்டிய தோலை விரலால் சுண்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்டா” என்பான். எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகத்தான் கேட்டது. அவன் சொன்ன பிறகு, வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. ஒரு சத்தத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

திறமையில் இரண்டு ஊருக்கும் பேதம் இருந்ததாக நான் நம்பவில்லை. மேடையில்தான் இருந்தது. பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளின் பாடகர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காகத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நடுவே பாடினார். பதின்ம வயதிலேயே தம்பி இளையராஜா அவர் குழுவில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய், விதவிதமான கூட்டத்தின் முன் வாசித்துப் பழகிய கை அது.

கெடாத் தோட்டங்களிலும் அப்படியொரு எழுச்சி இருந்தது. 1947இல் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் போலீசோடு மோதல் வந்தது. மறு ஆண்டே அவசரகாலம். இடதுசாரித் தொழிற்சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. அவசரகாலம் முடிய 1960 ஆயிற்று. தேவிகுளத்தில் ஆர்மோனியம் மலையேறிய அதே ஆண்டில், எங்கள் பக்கத்து உருமிக்குக் கோயிலையும் சாவு வீட்டையும் தவிர வேறு மேடை கிடையாது. அவை சிறிய மேடைகள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கிருந்து அடுத்த ஊருக்குப் பாதை போகவில்லை.

மேடையாவது பிறகு வந்திருக்கலாம். பக்கத்து வீடே நிலைக்காமல் போனதுதான் பெரிய இழப்பு. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் சிதறின. அதைத் தடுக்கத்தான் அமைச்சர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பங்குப் பணம் கட்டி, தங்கள் லயங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பினார்கள். அவன் அப்பாவிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி. பினாங்கிலிருந்து ‘ரஜூலா’ கப்பலில் குடும்பமே போனது. பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் சென்னையில் வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், கெடாவில் பிறந்த இவனும் தமிழ்நாட்டு மண்ணில் இறங்கினான். அங்கே அவனுக்காகக் காத்திருக்க ஒரு பாரதிராஜா இல்லை. அவனுடைய நண்பன் நான், கடலுக்கு இந்தப் பக்கம் பதின்மூன்று வயதில் நின்றேன்.

இன்று சுங்கை பட்டாணி தாமான் குடியிருப்புகளில் பிள்ளைகள் உருமி மேளக் குழு வைத்திருக்கிறார்கள். ஒருவனைப் பார்த்து ஒருவன் கற்றுக்கொள்கிறான். தைப்பூசத்தில் அவர்கள் வாசிப்பு நெஞ்சை அடைக்கிறது. ஆனால் வீட்டில் பழகினால் அடுத்த வீட்டிலிருந்து புகார் வருகிறது. மாலையில் இரண்டு மணி நேரம் கோயில் மண்டபத்தை அவர்களுக்குத் திறந்துவிடுங்கள் என்று நிர்வாகங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.