கூம்பு, பானை, ஹெட்போன்: போடி மலையடிவாரம் பாட்டு கேட்ட வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது ராசிங்காபுரம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைத்தொடர். அதற்கு அந்தப் பக்கம் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். அதே சாலையைப் பிடித்துத் தேவாரத்தைத் தாண்டினால் இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் வந்துவிடும். லட்ச ரூபாய்க்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்குவதா, அதில் பாதிக்கு நல்ல ஹெட்போன் வாங்குவதா என்று இன்று யோசிக்கிற தமிழ் ரசிகர் இரண்டிலும் போட்டுச் சோதித்துப் பார்ப்பது பெரும்பாலும் இளையராஜாவின் பாட்டைத்தான். அந்த இசை உருவான நிலத்தில் சனங்கள் எதில் பாட்டு கேட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், இந்தத் தேர்வில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1958-ல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசு பதவியேற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். மலையில் இருந்த தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுக்கு மேடைப் பேச்சைவிடப் பாட்டுதான் நெருக்கம். பிரசாரத்துக்குப் பாடப் போனவர் இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன். ரோசம்மா வென்றார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள். பிறகு தம்பிகளும் சேர்ந்து ஊர் ஊராகப் பாடினார்கள். அத்தனையும் திறந்தவெளிக் கச்சேரி. சுவர் இல்லை, கூரை இல்லை. எதிரே ஆயிரக்கணக்கான தலைகள், மரத்திலோ மூங்கிலிலோ கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள்.

அந்தக் கூம்பு இல்லாமல் ஐம்பதுகளிலிருந்து எண்பதுகள் வரையிலான தமிழ்க் கிராமத்தை எழுத முடியாது. ‘ரேடியோ கட்டியிருக்காங்க’ என்றால் அந்தத் தெருவில் காதுகுத்தோ சடங்கோ கல்யாணமோ இருக்கிறது என்று பொருள். மைக் செட்காரர் முதல்நாள் சாயங்காலமே வந்துவிடுவார். ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், இசைத்தட்டுப் பெட்டி, ஒயர் சுருள், இரண்டு கூம்புக் குழாய். குழாயை வைக்கோல் கயிறோ தேங்காய்நார்க் கயிறோ போட்டு உச்சாணிக் கிளையில் கட்டுவார். ஒன்று ஊரைப் பார்க்கும், இன்னொன்று பக்கத்து ஊரைப் பார்க்கும். முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையாருக்கு. ஆடி மாதமானால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். பிற்பகலில், சாப்பாட்டுப் பந்தி அடங்கியதும், படத்தின் கதை வசனம். 1984-ல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்ற வசன கேசட் ஓடாத ஊர் அந்நாளில் குறைவு.

கூம்பு ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. வீட்டில் வைக்கிற சாதாரண ஸ்பீக்கர், தனக்கு வரும் மின்சாரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக மாற்றும்; மீதி சூடாகிப் போய்விடும். கூம்பின் அடியில் இருக்கிற ‘யூனிட்’ சிறிய தகடுதான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக விரிகிற வாய், அந்தத் தகட்டின் அசைவை வெளிக்காற்றோடு பொருத்திவிடுகிறது. அதனால் பல மடங்கு ஒலி கிடைக்கும். முப்பது வாட் யூனிட்டும் ஒரு 12 வோல்ட் பேட்டரியும் போதும், மின்கம்பம் எட்டாத எஸ்டேட் லயத்திலும் திருவிழா நடத்தலாம். இந்தியாவில் இந்தக் கருவிகளுக்கு மறுபெயராகவே ஆகிவிட்ட அஹுஜா நிறுவனம் 1940-ல் தில்லியில் தொடங்கியது.

ஆனால் கூம்பு ஒன்றைத் தராது: அடித்தொனி. மனிதக் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பொதுக்கூட்டக் கூம்பு சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேஸ் கிட்டாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அது அந்தக் குழாயில் வரவே வராது. குரல் வரும், புல்லாங்குழல் வரும், நாதஸ்வரம் பிரமாதமாக வரும். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது ஊர்ப்புறத்தில் பெரும்பாலோர் அதை இந்தக் குழாயில்தான் கேட்டார்கள். மெட்டு மலையடிவாரம் வரை போய் மோதித் திரும்பியது. கீழே ஓடிய தாளக்கட்டின் கனம் ஒலித்தட்டிலேயே தங்கிவிட்டது.

ரேடியோவும் இதே குறையோடுதான் இருந்தது. பஞ்சாயத்து ரேடியோ அறையிலும் டீக்கடையிலும் இலங்கை வானொலி ஒலித்தது, அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனையும் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் தெரியாத வீடு தென்மாவட்டங்களில் அபூர்வம். மத்திய அலையில் உச்சத்தொனி கிடையாது, சிறிய ஸ்பீக்கரில் அடித்தொனி கிடையாது. நடுவில் இருக்கிற குரல் மட்டும் சுத்தமாக வந்தது. எஸ்.பி.பி.யையும் ஜானகியையும் ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்ததற்கும், பின்னணி வாத்தியங்களை அதிகம் கவனிக்காமல் போனதற்கும் இதுவும் ஒரு காரணம்.

பிறகு வந்தது கேசட். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் டூ-இன்-ஒன் வந்து இறங்கியது. வாங்க முடியாதவர்கள் ‘அசெம்பிள் செட்’ போட்டார்கள். ரேடியோ மெக்கானிக் கடையில் ஆம்ப்ளிஃபயர் போர்டு பூட்டி, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி, தகரப் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்ய ஆசாரிக்குக் கூலி வேண்டுமே? அதற்கு ஒரு வழி கண்டார்கள். மண்பானை.

பானையின் வாயில் ஸ்பீக்கரை உட்கார வைத்து, விளிம்பில் துணியோ எம்-சீலோ வைத்து அடைத்து, ஒயரை ஓட்டை வழியே இழுத்துவிட்டால் முடிந்தது. இதை ஏழ்மையின் ஒப்பேற்றலாக மட்டும் பார்ப்பது தவறு. ஸ்பீக்கர் காகிதம் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது; முன் அலையும் பின் அலையும் சந்தித்தால் அடித்தொனி ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பானை அந்தப் பின் அலையைச் சிறைவைக்கிறது. சுட்ட மண் மரப்பலகை போலச் சட்டென்று அதிராது. பெட்டிக்கு இருப்பது போன்ற கூர் விளிம்புகள் இல்லாததால் வெளியே ஒலி முட்டிச் சிதறுவதும் குறைவு. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் ஹாரி ஓல்சன் 1950-களின் தொடக்கத்தில் கனசதுரம், உருளை, கோளம் என்று பல வடிவப் பெட்டிகளை அளந்து பார்த்தார். ஒலியைச் சீராகத் தந்ததில் கோளமே முன்னால் நின்றது. பானையில் ஸ்பீக்கர் பூட்டிய தேனிப் பக்கத்து டீக்கடைக்காரர் ஓல்சனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. காதை நம்பிச் செய்தார், செய்தது சரியாக இருந்தது.

அந்தப் பானையில்தான் பலருக்கு முதன்முதலாக ‘தும்’ என்ற ஒலி நெஞ்சில் பட்டது. அதற்கேற்ற பதிவுகளும் அப்போது வரத் தொடங்கியிருந்தன. 1978-ல் வந்த ‘ப்ரியா’ தமிழின் முதல் ஸ்டீரியோ பாடல் பதிவு என்று சொல்லப்படுகிறது. சசிதரனின் பேஸ் கிட்டார், புருஷோத்தமனின் டிரம்ஸ் என்று பின்னால் இருந்த கைகள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன.

ஹெட்போனின் கதை இதைவிடப் பழையது, ஆனால் இங்கே தாமதமாக வந்தது. 1910-ல் நதானியேல் பால்ட்வின் என்ற அமெரிக்கர் செய்த காதுக்கருவிகளை வாங்கியது கடற்படை. நோக்கம் தந்திச் செய்தி கேட்பது, இசை அல்ல. 1958-ல், பாவலர் தேவிகுளத்தில் பாடிய அதே ஆண்டில், மில்வாக்கியில் ஜான் காஸ் இசைக்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனை வெளியிட்டார். 1979-ல் சோனி வாக்மேன் வந்தது. மலையடிவாரத்தில் ஹெட்போன் பரவலானது செல்போனோடுதான். இன்று விடியற்காலையில் போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளில், ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களில் சிலர் காதில் ஒயர் தொங்குவதைப் பார்க்கலாம். ஊருக்கே ஒரு பாட்டு என்றிருந்தது போய், ஒரே ஜீப்பில் ஆளுக்கொரு பாட்டு.

கூம்புக்கு முடிவு நீதிமன்றத்தில் வந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும், 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியை நிறுத்தின. தமிழ்நாட்டில் கூம்பு வடிவக் குழாய்க்கே தடை வந்தது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் அது தேவையான தீர்ப்பு. அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் குழாயை இறக்கிவிட்டு ‘பாக்ஸ்’ ஏற்றினார்கள்.

இப்போது தேர்வுக்கு வரலாம். ஸ்பீக்கரில் இரண்டு காதும் இரண்டு பக்கத்தையும் கேட்கின்றன. இடப்பக்க ஒலி வலக்காதுக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தோடு, சற்று மங்கி வந்து சேரும். அந்தச் சிறு தாமதத்தை வைத்துத்தான் மூளை, பாடுகிறவர் எதிரே நிற்கிறார் என்று முடிவு செய்கிறது. ஹெட்போனில் இடம் இடத்துக்கே, வலம் வலத்துக்கே. அதனால் பாட்டு தலைக்குள் நடக்கிறது. ஸ்டீரியோ புதிதாக இருந்த காலத்தில் வயலின்களை ஒரு ஓரத்திலும் தபலாவை மறு ஓரத்திலும் ஒதுக்கிய பதிவுகளை ஹெட்போனில் கேட்டால் ஒரு பக்கக் காது காலியானது போல இருக்கும். 1961-லேயே பெஞ்சமின் பாவர் இதற்கு ஒரு மின்சுற்று யோசனை சொன்னார்: ஒரு பக்க ஒலியில் கொஞ்சத்தை மறுபக்கம் கசியவிடுவது. இன்றும் பல ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்களில் அதற்கொரு சுவிட்ச் இருக்கிறது. பழைய பாட்டு கேட்பவர்கள் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கருக்கு எதிரி வீடு. போடிப் பக்கம் இப்போது கட்டுகிற பத்துக்குப் பன்னிரண்டு அடி கான்கிரீட் அறையில், பன்னிரண்டு அடி நீளம் 47 ஹெர்ட்ஸ் அருகே ஒலியை ஊதிப் பெருக்கும். பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் இடிக்கும், அடுத்த சுரம் காணாமல் போகும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் குரலைச் சிதறடிக்கும். அந்த அறைக்கு லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வீண். அதில் பாதிப் பணத்தில் வாங்குகிற ஹெட்போன், அறையையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, சசிதரனின் விரல் தந்தியில் வழுக்குவதைக்கூடக் காட்டிவிடும். ஒரு பாட்டில் எத்தனை அடுக்கு என்று படிக்க விரும்புகிறவருக்கு ஹெட்போனே சரி. ஒலியளவை மட்டும் கவனிக்க வேண்டும்: வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு.

ஆனால் இந்த இசை, பாவலர் மேடையிலிருந்து தொடங்கி, பலர் சேர்ந்து கேட்பதற்கென்று வளர்ந்த இசை. பாட்டியும் பேத்தியும் ஒரே நேரத்தில் ஒரு சரணத்துக்குத் தலையாட்ட வேண்டுமென்றால் ஸ்பீக்கர்தான் வேண்டும். மேல்மாடியில் ஏலக்காய் மூட்டையோ பழைய மெத்தையோ அடுக்கிய நீள அறை ஒன்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மூட்டை அடித்தொனியின் இரைச்சலை விழுங்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, காதுமட்டத்துக்கு உயர்த்தி, ‘ப்ரியா’ பாடல்களில் ஒன்றைப் போட்டுவிட்டு நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நிற்கிற இடத்தில் நாற்காலியை நிறுத்திக்கொள்ளலாம்.