ஊதா வெளிச்சம் எங்கிருந்து வந்தது?

மார்ச் பிறந்தால் ரொறன்ரோவில் நம்மவர் வீட்டு பேஸ்மென்ட்களில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகள் தலைகாட்டத் தொடங்கிவிடும். மே நடுப்பகுதிவரை வெளியே உறைபனிப் பயம். கோடையும் குறுகியது. வெளிச்சம் போதாமல் நாற்று நூல்போல நீண்டு சாய்ந்தால், மறுபடி விதை போட்டுக் காய் பறிக்க நாள் காணாது. அம்மம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த விதை என்றால் இரண்டாவது பொட்டலமும் கிடையாது. கடையில் ஊதாவாக எரியும் விளக்கைக் காட்டி "செடிக்கு இதுதான் நல்லது" என்பார்கள். ஏன் ஊதா? அதற்குக் கொஞ்சம் பழைய கதை தெரியவேண்டும்.

1861இல் பிரான்சில் ஹெர்வே மாங்கோன் என்பவர், மின்விளக்கின் கீழும் இலை பச்சை பிடிக்கும் என்று காட்டினார். ஆனால் தோட்டக்காரன் போல இறங்கிச் செய்துபார்த்தவர் வில்லியம் சீமென்ஸ். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொறியியலாளர். (நம் பெற்றோரைப் போல அவரும் புலம்பெயர்ந்தவர்தான்.) கடுகு, கரட், பீன்ஸ், வெள்ளரி போன்றவற்றை நான்கு கூட்டமாகப் பிரித்தார். ஒன்று முழு இருட்டில். ஒன்றுக்கு மின்வெளிச்சம் மட்டும். ஒன்றுக்குப் பகல் வெளிச்சம் மட்டும். நான்காவதற்குப் பகலும் உண்டு, இரவில் விளக்கும் உண்டு. நான்காவதுதான் வென்றது. 1880இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் சொன்னபோது, மொட்டுவிட்ட டியூலிப் சாடியை விளக்கின் முன் வைத்தார். சுமார் 40 நிமிடத்தில் மொட்டுகள் விரிந்தன. எனக்கு இந்த மனிதரைப் பிடிக்கும். பேசுவதோடு நிற்காமல் காட்டியும் விடுகிறார்.

அவருடையது ஆர்க் விளக்கு. இரண்டு கரித்தண்டுகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து கண் கூசும்படி எரியும். அதில் புறஊதாக் கதிரும் உண்டு. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1890களையொட்டி இதைத் திரும்பச் செய்தபோது, மூடி இல்லாத விளக்கு இலைகளைக் கெடுத்தது. கண்ணாடிக் கூண்டு போட்டதும் சேதம் குறைந்தது. லெட்டூஸ் சீக்கிரமே விற்பனைக்குத் தயாரானது. கீரையோ இலை பெருக்காமல் பூத்து விதைக்குப் போய்விட்டது. ஒரே விளக்கு, ஏன் இரண்டு முடிவு?

பதில் வர ஏறத்தாழ 30 வருடம் எடுத்தது. 1920இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கார்னரும் அலார்டும், செடிகள் பகலின் நீளத்தை அறிகின்றன என்று வெளியிட்டார்கள். 'மேரிலாண்ட் மம்மத்' என்ற புகையிலை கோடையில் ஆள் உயரம் தாண்டி வளர்ந்தும் பூக்கவில்லை. நாள் குறுகினால்தான் பூத்தது. ஸ்பினாச் இதற்கு நேர் எதிர். நம்மூர்ப் பழைய கொடியவரை வகைகள் பலவும் அந்தப் புகையிலையின் கட்சி. கனடாவின் நீண்ட கோடைப் பகல்களில் பந்தல் நிறைய இலை விட்டு, உறைபனி வரும் நேரத்தில் பூப்பதற்குக் காரணம் மண்ணல்ல, நாள் நீளம்.

இனி நிறத்துக்கு வருவோம். 1972இல் கீத் மக்ரீ 22 பயிர்களின் இலைகளில் ஒவ்வொரு நிற ஒளியாகச் செலுத்தி அளந்தார். சிவப்பில் ஒளிச்சேர்க்கை உச்சம். நீலமும் வேலை செய்தது. பச்சையும் வீணாகவில்லை. பிற்பாடு விளக்கு விற்றவர்கள் கடைசிச் செய்தியை மறந்துவிட்டார்கள்.

1991இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு சிவப்பு எல்இடியில் லெட்டூஸ் வளர்த்ததை வெளியிட்டது. பிரகாசமான நீல எல்இடி அப்போது இல்லை. நீலத்துக்கு டியூப் லைட் சேர்த்தார்கள். 1993இல் ஜப்பானில் நகமுரா நீலத்தையும் தந்தார். சிவப்பு, நீலம் இரண்டையும் கலந்தால்? அதுதான் கடையில் பார்க்கும் ஊதா.

நீல எல்இடி மேல் மஞ்சள் பூச்சுப் பூசினால் வெள்ளை எல்இடி. அதில் செடிக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் 2015இல் விண்வெளி வீரர்கள் தின்ற லெட்டூஸ் வளர்ந்த பெட்டியில்கூட நாசா பச்சை விளக்கும் வைத்திருந்தது, உணவு பார்க்க உணவாகத் தெரியவேண்டும் என்பதற்காக. வீட்டிலும் அதே நியாயம்தான். ஊதாவில் இலை மஞ்சளாவது கண்ணில் படாது. ஆகவே நான் சாதாரண வெள்ளை எல்இடி டியூபையே சொல்வேன். பெட்டியில் 'லூமன்' என்று இருப்பது மனிதக் கண்ணுக்கான அளவு; ஊதா விளக்கை எடைபோட அது உதவாது. "100 வாட்டுக்குச் சமம்" என்பதை விட்டுவிட்டு, உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். நாற்றுக்கு 10, 15 சென்டிமீட்டர் மேலே தொங்கவிட்டு, வளர வளர உயர்த்துங்கள். நாளுக்கு 14 முதல் 16 மணிநேரம் போதும், இரவில் அணைத்துவிடுங்கள்.

கொடியவரைக்கு மட்டும் இதனால் பூ வராது. கார்னரும் அலார்டும் தங்கள் செடிகளை மாலை வெயில் இருக்கும்போதே இருட்டறைக்குள் தள்ளினார்கள். ஜூலையில் சாடியில் இரண்டு அவரை வைத்து, ஒன்றை மட்டும் தினமும் மாலை ஆறு மணியிலிருந்து காலைவரை பெட்டியால் மூடிப் பாருங்களேன். எது முதலில் பூக்கிறது என்று எழுதுங்கள்.