பெயர் வாங்கிய கதை: இன்ஃபோகிராம்ஸின் ஏற்றமும் இறக்கமும்

பிரான்ஸின் லியோன் நகரில் 1983இல் பிறந்த வீடியோ கேம் நிறுவனமான இன்ஃபோகிராம்ஸ், கடனில் மூழ்கி அழிந்தது என்பது வழக்கமான விளக்கம். கடன் இருந்தது மெய்தான். அந்தக் கடனைக் கொண்டு எதை வாங்கினார்கள் என்று பார்த்தால் கதை வேறாகிறது. பிறர் வளர்த்த பெயர்களை நம்பிப் பிழைக்கும் பழக்கமே அதை ஏற்றியது, இறக்கியதும் அதுவே என்பது என் வாதம்.

நிறுவியவர்கள் புரூனோ பொனெலும் கிறிஸ்டோஃப் சாப்பேயும். அவர்களுடைய தொடக்க காலத் தயாரிப்புகளில் சித்திரக்கதைகளுக்குப் பெரிய இடம் உண்டு. டின்டின், ஆஸ்டெரிக்ஸ், ஸ்மர்ஃப், நம் லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கும் பழக்கமான லக்கி லூக் என்று பலர் கணினித் திரைக்கு வந்தார்கள். கதாநாயகனை வாங்குபவருக்கு அறிமுகப்படுத்தும் வேலையே இல்லை. உரிமைத் தொகையைக் கட்டினால் போதும்.

இந்தப் பழக்கத்துக்கு விலக்காக 1992இல் வந்தது 'அலோன் இன் தி டார்க்'. அங்கே நிரலாளராக இருந்த ஃபிரெடரிக் ரேனால் வகுத்த உத்தி எளிமையானது: பின்னணி கையால் வரைந்த ஓவியம், அதன்மேல் முப்பரிமாண உருவங்கள், அசையாத கேமரா. ஆட்டம் ஒரு பரண் அறையில் தொடங்குகிறது. ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு ஜந்து வரப்போகிறது. ஆடுபவர் அலமாரியைத் தள்ளி ஜன்னலை அடைக்க வேண்டும், பெட்டியை நகர்த்தித் தரைக்கதவை மூட வேண்டும். துப்பாக்கியைவிட மரச்சாமான் உதவும் விளையாட்டு! 1996இல் ஜப்பானின் 'ரெசிடென்ட் ஈவில்' இதே உத்தியைக் கையாண்டு உலகை வென்றது. ஆனால் ரேனாலும் கூட்டாளிகள் சிலரும் அதற்கு முன்பே இன்ஃபோகிராம்ஸை விட்டு விலகி, லியோனிலேயே அடெலின் என்ற நிறுவனத்தில் வேறு விளையாட்டுகளைச் செய்துகொண்டிருந்தார்கள். பெயர் நிறுவனத்திடம் தங்கியது, கை போய்விட்டது.

அதன்பின் பிற விளையாட்டு நிறுவனங்களை வாங்கும் படலம். 1996இல் மான்செஸ்டரின் ஓஷன், 1999இல் ஷெஃபீல்டின் கிரெம்லின், அதே ஆண்டு நியூயார்க்கின் ஜிடி இன்டராக்டிவ். 2001இல் 10 கோடி டாலருக்கு ஹாஸ்ப்ரோ இன்டராக்டிவ், அதோடு அடாரி என்ற பெயரும். (பணம் திரட்ட வெளியிட்ட கடன்பத்திர வகைக்குப் பிரெஞ்சில் 'ஓசியான்' என்று பெயர், கடலை நினைவூட்டும் சொல். கடலில் இறங்கியவர்களுக்குப் பொருத்தம்தான்.) 1972இல் கலிஃபோர்னியாவில் தோன்றிய அடாரியைக் கட்டியவர்கள் எப்போதோ கலைந்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியிருந்த முத்திரையை 2001 முதல் தன் விளையாட்டுகளின் மேல் ஒட்டிய இன்ஃபோகிராம்ஸ், 2009இல் தானே அடாரி ஆனது.

இன்னொரு பிரெஞ்சு விளையாட்டு நிறுவனமான யூபிசாஃப்டும் பெயர்களை வாங்கியதே என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வும் இரவல் பெயர்தான். ஆனால் 2003இல் அதற்குப் புத்துயிர் தந்தது, யூபிசாஃப்ட் 1997 முதல் மான்ட்ரியலில் வளர்த்த பட்டறை. இன்ஃபோகிராம்ஸோ நெருக்கடி வந்ததும் பட்டறைகளையே விற்றது. 2006இல் 'டிரைவர்' விளையாட்டைச் செய்த ரிஃப்ளெக்ஷன்ஸ், அந்தப் பெயரோடு சேர்ந்து யூபிசாஃப்டின் கைக்கே போனது.

2007இல் பொனெல் வெளியேறினார். 2013 ஜனவரியில் அடாரியின் அமெரிக்கக் கிளைகள் திவால் பாதுகாப்பு கோரின. அவ்வாண்டு ஏலத்தில் அதன் விளையாட்டுப் பெயர்களான 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' ஒருவருக்கும் 'பேட்டில்ஸோன்' இன்னொருவருக்கும் போயின. அடாரி என்ற பெயரை மட்டும் விடவில்லை. பரண் அறையும் அலமாரியும் உள்ள அந்தப் பழைய வீட்டை, 'அலோன் இன் தி டார்க்'கை, 2018இல் டிஹெச்க்யூ நோர்டிக் நிறுவனம் வாங்கிக்கொண்டது.