மண்ணால் எழுந்து மக்களால் நிற்கும் பள்ளிவாசல்



உலகின் புகழ்பெற்ற பள்ளிவாசல்கள் என்றதும் நம் எண்ணம் கல்லையும் பளிங்கையும் நோக்கியே ஓடுகிறது. குர்துபாவின் வளைவுகளையும், இஸ்தான்புலின் குவிமாடங்களையும், டில்லி ஜாமிஆ மஸ்ஜிதின் செம்மணற்கற்களையும் எண்ணி வியக்கிறோம். ஆனால், மழையில் கரையும் களிமண்ணால் கட்டப்பட்டு, உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக மதிக்கப்படும் ஒரு மாபெரும் பள்ளிவாசலும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், ஜென்னே என்னும் ஊரில் அது உள்ளது. அதன் வரலாற்றில் நம் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் ஒரு பாடம் உண்டு.

அரண்மனை இருந்த இடத்தில் இறையில்லம்

நைஜர் ஆற்றின் துணையாறான பானியின் வெள்ளச் சமவெளியில் அமைந்த பழைய வணிக நகரம் ஜென்னே. 17ஆம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸஃதி எழுதிய 'தாரீக் அஸ்ஸூதான்' என்னும் வரலாற்று நூல் இந்நகரத்தின் செய்தியைத் தருகிறது. அதன்படி, கொய் கொன்போரோ என்ற மன்னர் இஸ்லாத்தைத் தழுவியபோது, 4,200 உலமாக்களை ஒன்றுதிரட்டி அவர்கள் முன்னிலையில் அதை அறிவித்தார். தம் நகருக்காக துஆச் செய்யுமாறும் அவர்களை வேண்டினார். வறுமையால் தம் ஊரை விட்டு இங்கு வருவோருக்கு அல்லாஹ் வளத்தை அளிக்க வேண்டும் என்பது அவ்வேண்டுதல்களுள் ஒன்று. பின்னர் அவர் தம் அரண்மனையை இடித்து, அந்த இடத்திலேயே பள்ளிவாசலை எழுப்பினார். இது 13ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

கவனிப்பாரற்றுக் கரைந்த கட்டடம்

நூற்றாண்டுகள் பல கடந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஸினா அரசை நிறுவிய ஷெய்கு அஹ்மது ஜென்னேயைக் கைப்பற்றினார். எளிமையைப் பெரிதும் வலியுறுத்திய அவர், பழைய பள்ளிவாசலை ஆடம்பரமானதாகக் கருதினார் என்பர். அதை அவர் இடிக்கவில்லை. பராமரிக்காமல் விட்டுவிட்டு, அருகிலேயே வேறொரு பள்ளிவாசலைக் கட்டினார். 1828இல் ஜென்னேக்கு வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே காயியே, அங்கே ஆயிரக்கணக்கான தகைவிலான் குருவிகள் குடியேறிய பாழடைந்த கட்டடத்தையே கண்டார்.

சிந்தியுங்கள்! பகைவர் எவரும் அதைத் தகர்க்கவில்லை; பூகம்பமும் அதை வீழ்த்தவில்லை. ஆண்டுதோறும் பூசிவந்த கைகள் விலகின. மழை மற்றதைச் செய்து முடித்தது.

இன்று நாம் காணும் பள்ளிவாசல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 1906-1907ஆம் ஆண்டுகளில் அதே பழைய இடத்தில் மீண்டும் கட்டப்பட்டது. ஊர்க் கொத்தனார்களின் தலைவராக இருந்த இஸ்மாயீலா திராவோரே என்பார் பணியை முன்னின்று நடத்தினார்.

அமைப்பின் நுட்பம்

வெள்ளத்திலிருந்து காக்கும் பொருட்டு, ஏறத்தாழ 75 மீட்டர் நீளமும் அகலமும் கொண்ட உயர்ந்த மேடையின் மீது பள்ளிவாசல் அமைந்துள்ளது. கிப்லாவை நோக்கிய கிழக்குச் சுவரில் மூன்று கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. வெயிலில் காயவைத்த மண் கற்களை அடுக்கி, களிமண் சாந்தால் இணைத்து, மேலே மண் பூசிச் சுவர்களை எழுப்பியுள்ளனர். உள்ளே 90 தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. கூரையில் உள்ள துளைகளுக்குச் சுட்ட மண் மூடிகள் உண்டு. அவற்றைத் திறந்தால் உள்ளிருக்கும் வெப்பக் காற்று மேலேறி வெளியேறும்.

சுவரெங்கும் வரிசை வரிசையாக மரக்கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதே இக்கட்டடத்தின் தனி அடையாளம். அவை பனங்கட்டைகள்! நம் ஊர்ப் பனைக்கு நெருங்கிய உறவான ஆப்பிரிக்கப் பனையிலிருந்து எடுக்கப்பட்டவை. பார்ப்பவருக்கு அவை அலங்காரமாகத் தோன்றும். கொத்தனாருக்கோ அவை நிரந்தரச் சாரம். ஆண்டுதோறும் அவற்றின் மீது ஏறி நின்றே சுவருக்கு மண் பூசுகின்றனர். அதாவது, கட்டியவர்கள் கட்டும்போதே, 'இது மீண்டும் மீண்டும் பூசப்பட வேண்டும்' என்பதை அறிந்து, பின்வரும் தலைமுறையினர் கால் வைப்பதற்கான படிகளையும் சுவரிலேயே பதித்துவைத்தார்கள்.

ஊர் கூடிச் செய்யும் பணி

மழைக்காலத்துக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் ஒருநாள் ஊரே திரள்கிறது. அதற்குப் பல நாட்களுக்கு முன்பே களிமண்ணில் உமியைக் கலந்து குழிகளில் ஊறவைத்துவிடுவர். சிறுவர்கள் அதில் இறங்கி விளையாடியபடியே மிதித்துக் குழைப்பர். அந்த நாளில் பெண்கள் தண்ணீர் சுமந்து வருவர். இளைஞர்கள் கூடைகளில் மண் சுமந்து ஓடுவர். கொத்தனார்கள் பனங்கட்டைகளின் மீதும் ஏணிகளின் மீதும் நின்று வெறுங்கையால் பூசுவர். முதியவர்கள் அமர்ந்து மேற்பார்வை செய்வர். அவர்களும் ஒரு காலத்தில் மண் சுமந்தவர்களே.

இத்தனை உழைப்பும் எதற்கு, ஒரேயடியாக சிமென்ட் பூசிவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். இதற்கு விடை பிரான்சு நாட்டில் இருக்கிறது. அங்குள்ள ஃபிரெஜூஸ் நகரில், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ஆப்பிரிக்க வீரர்களுக்காக, ஜென்னே பள்ளிவாசலை முன்மாதிரியாகக் கொண்டு 1930இல் ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. அது கான்கிரீட்டால் ஆனது. மழை அதைக் கரைப்பதில்லை. ஆண்டுதோறும் பூச வேண்டிய தேவையும் இல்லை. இன்று அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஆனால் அங்கே தொழுகை இல்லை. கரையாத கட்டடம் காட்சிப் பொருளாயிற்று. கரையும் கட்டடத்திலோ இன்றும் பாங்கோசை கேட்கிறது.

மண் கட்டடத்துக்கு ஆபத்து இல்லை என்று சொல்வதற்கில்லை. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் ஒரு கோபுரத்தின் மேற்பகுதி சரிந்தது; அது மீண்டும் கட்டப்பட்டது. 1988இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜென்னே நகரை, நாட்டில் நிலவிய பாதுகாப்பின்மையின் காரணமாக, 2016இல் யுனெஸ்கோ ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. கோபுரங்களைக் காப்பது மண்ணோ பனங்கட்டையோ மட்டுமல்ல. மக்கள் அச்சமின்றி ஒன்றுகூடி உழைக்கும் சூழலும்தான்.

நமக்குரிய பாடம்

சகோதரர்களே! மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலும் மண் கற்களாலும், பேரீச்ச மரத்தூண்களாலும், பேரீச்ச ஓலைக் கூரையாலும் ஆனதே. அதன் கற்களைத் தோழர்களோடு சேர்ந்து நபியவர்களும் சுமந்தார்கள். அப்பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஒருவர் மறைந்த செய்தி தமக்குத் தெரிவிக்கப்படாததை அறிந்ததும், அடக்கத்தலத்தைக் கேட்டறிந்து அங்கே சென்று தொழுதார்கள் என்பது நாம் அறிந்த செய்தி.

திருக்குர்ஆனின் 9:18ஆம் வசனம் பள்ளிவாசல்களைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தும் அரபுச் சொல், கட்டுவதை மட்டும் குறிப்பதன்று. பராமரிப்பதையும் வணக்கத்தால் உயிர்ப்பிப்பதையும் சேர்த்தே குறிக்கும்.

நம் ஊர்களில் பள்ளிவாசல் கட்ட வாரி வழங்குவோர் பலர் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. ஆனால் கட்டி முடித்த பிறகு ஹவுளைக் கழுவுவது யார்? கிழிந்த பாயைத் தைப்பது யார்? ஒழுகும் கூரையை மழைக்கு முன் பார்ப்பது யார்? 'மோதினார் பார்த்துக்கொள்வார், முத்தவல்லி பார்த்துக்கொள்வார்' என்று நாம் ஒதுங்கும்போது, கண்ணுக்குத் தெரியாத மழை ஒன்று பெய்யத் தொடங்குகிறது.

அடுத்த விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். அவர்கள் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுங்கள். தன் கையால் துப்புரவு செய்த இடத்தை எந்தப் பிள்ளையும் எளிதில் மறப்பதில்லை.

வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததியினரையும் அவன் இல்லங்களை உயிர்ப்பிப்போராக ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.